ஏழின் குறுக்கே ஒரு கோடு

செவ்வாயும் வெள்ளியும்
மாதர் சங்கச் சேமிப்புக் காசு சேர்க்கப்
பாலையூற்றிலிருந்து புறப்படுவேன்.
சைக்கிள் உங்களுடையது.
சீற்றை மட்டும் இரண்டு அங்குலம் இறக்கியிருக்கிறேன்.
மணி இன்னும் அடிக்காது.

பறீனா வீட்டு விறாந்தையில்
மீற்றருக்குப் பக்கத்தில், ஆணியில்,
மங்கிய மஞ்சள் அட்டை.
அவள் அரிசி டின்னுக்குள் கைவிட்டுக் காசு தேடும்வரை
நான் அதை வாசிப்பேன்:
தை, நாலாயிரத்து எழுபத்தேழு.
மாசி, நாலாயிரத்து நூற்றெழுபது.
பங்குனி.
சித்திரை.

உங்கள் ஏழுகள்.
இடுப்பில் குறுக்கே ஒரு சின்னக் கோடு.
ஒன்றென்று ஒருவரும் மயங்கக் கூடாதாம்.
"கோடு போடாட்டி அறுநூறு யூனிற் பிழைக்கும், தெரியுமோ?"
சோறு ஆற ஆற இதை எனக்கு
விளங்கப்படுத்திய மனிசன்.

சித்திரைக்குக் கீழே வேறு கை.
நீல மை, அவசர எழுத்து.
அந்தப் பெடியனில் பிழையில்லை.

திருக்கடலூரில் வீட்டுக்கு வீடு
மீற்றருக்கு மேலே ஒரு படம்.
கடல் கொண்டுபோன பிள்ளை.
வாகனம் கொண்டுபோன பிள்ளை.
படத்துக்கு முன்னால் இரவு பகலாய்
ஒரு சிவப்புக் குமிழ்.
"மாதம் மூன்றரை யூனிற் அதுக்கே போகுது" என்றீர்கள் ஒருநாள்.
"ஒருத்தரும் நூர்க்கிறேல்லை. நானும் சொல்லுறேல்லை."
நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
ம் என்றேன்.

இப்போது எங்கள் வீட்டிலும் குமிழ் எரிகிறது.
மீற்றர் கண்ணாடிக்குள் அந்தச் சக்கரம்
கறுத்தப் புள்ளியைக் காட்டி மறைத்துக்
காட்டி மறைத்து
ஓடுகிறது.
நின்று பார்த்திருக்கிறேன்,
பால் பொங்கி அடுப்பு நூரும்வரை.

உட்துறைமுக வீதியில்
சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுத்தான் குந்தினீர்களாம்.
விழவில்லை. குந்தினீர்கள்.
சைக்கிள் பூட்டியிருந்தது.
சாவி சேர்ட் பையில்.

முப்பத்தோராம் நாள் கன்னியாவில்
ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடென்று
கீர்த்திகன் விரலை விட்டு விட்டுப் பார்த்தான்.
ஐந்தாவதுதான் அப்பாவின் தேத்தண்ணிச் சூடு என்றான்.
ஐயர் சிரித்துவிட்டார்.
நான் சிரிக்கவில்லை, அன்று.

சிரித்தது போன கிழமை.
பஸ் நிலையத்தடியில் பை திறந்து கிடக்க
ஒரு புள்ளிமான் வந்து
செல்வமலரின் பற்றுச்சீட்டை ஆறுதலாகத் தின்றது.
எழுநூறு ரூபாய், கையொப்பம், முத்திரை எல்லாம்.
கடலை விற்கிறவரும் நானும் சிரித்து,
சிரிப்போடேயே
பக்கத்தில் திரும்பினேன்
உங்களிடம் சொல்ல.

பக்கத்தில் கிண்ணியா பஸ்.
ஏறுங்க அக்கா, ஏறுங்க, என்றான் கொண்டக்டர்.

மான் தின்றதை மறுபடி எழுதக்
கொப்பியை முழங்காலில் வைத்தேன்.
எழுநூறு.
எழுதி முடித்த பிறகுதான் கண்டேன்,
கோடு.
எப்போதிருந்து?
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
ஆவணியிலேயே இருக்கிறது.
ஆவணி பதினேழு, பறீனா, எழுபது ரூபாய்.
இரண்டு ஏழிலும்.

அன்றிலிருந்து கடைசித் தாளில்
காசில்லாத கணக்கும் எழுதுகிறேன்.
டச் பே கரையில் வலை இழுத்தவர்கள், பதினேழு பேர்,
ஒருவர் பின்னால் நின்று பாட்டு மட்டும்.
வில்லூன்றிக் கோயில் மதிலில் காகம் ஏழு.
செபமாலை மாஸ்ரர் வீட்டுக் கறிவேப்பிலையில்,
பட்டுப்போச்சு என்ற மரத்தில்,
குருத்து.
இதற்கெல்லாம் யூனிற் போடத் தெரியவில்லை.
எழுதுகிறேன்.

இன்னொன்று.
அன்புவழிபுரத்து நாய்களுக்கு
மாரி பிஸ்கற் போட்டு வந்த கதையை
ஏன் எனக்குச் சொல்லவில்லை?
மணி அடிக்காத சைக்கிள்தான்,
செயின் சத்தம் போதும் அவைக்கு.
மூன்றும் ஓடி வருகின்றன.
முதல் நாள் பயந்து காலைத் தூக்கினேன்.
இப்போது பையில் ஒரு பைக்கற் வைத்திருக்கிறேன்.
பிஸ்கற் விலை ஏறிவிட்டது,
உங்களுக்குத் தெரியாது.
பாதி பாதியாய் உடைத்துத்தான் போடுகிறேன்.